சதை வளர்ந்திருக்கு

காலைத் தூக்கி எதிர் நாற்காலியில வைங்க பெரியவரேன்னு சொல்லிட்டு சிஸ்டர் உள்ள போயாச்சு, நானும் வச்சாச்சு, இப்ப அது என் மூஞ்சியவே பாத்துக்கிட்டு இருக்கு. கணுக்கால் வரைக்கும் என் காலு, அதுக்குக் கீழ ஒரு வெள்ளைப் பொட்டலம். அந்தப் பொட்டலத்துக்குள்ள கெடக்க பெருவிரல வச்சிருக்கதா, எடுத்துரதான்னு இன்னிக்குப் பாத்துச் சொல்லுதேன்னு டாக்டரம்மா சொல்லியிருக்கு. எடுத்துரதுன்னா சட்டையில இருந்து பித்தானை எடுக்குத மாரித்தான் சொல்லுது அந்தப் பிள்ளை. சின்னப் பிள்ளைதான, எம் மக சங்கரி வயசு கூட இருக்காது. பெருவிரல்ம்மா அது. அம்பாசமுத்திரம் ரூட்டுல ஆயுசு பூரா கண்டக்டர் வேலை பாத்தவன் நான். ஒரு கையில டிக்கெட்டுக் கட்டு, ஒரு கையில சில்லறை, தோள்ல பை, வாயில விசிலு. கம்பியப் பிடிக்க எனக்கு ஏது மூணாவது கை? கல்லிடைக்குறிச்சி வளைவுல வண்டி சாயும், உள்ள இருக்க சனம் பூராவும் அந்தப் பக்கம் சாயும், நான் மட்டும் நட்டுவச்ச மாரி நிப்பேன். நின்னது நானா? இவன் நின்னான். செருப்புக்குள்ள கெடந்து தரையக் கவ்விப் பிடிச்சுக்கிட்டு இந்தப் பெருவிரல்தான் நின்னான். அன்னிக்கெல்லாம் இவனுக்கு ஒரு வார்த்தை நல்லதாச் சொன்னதில்ல. நகம் வெட்டுனதோட சரி. இப்ப போகப் போறான்னதும் அருமை தெரியுது, மனுசப் புத்தி அப்படித்தான இருக்கு, சவம்.

பக்கத்துல எம் பொஞ்சாதி வடிவு உக்காந்து பிளாஸ்க் மூடியில காப்பிய ஊத்தி ஆத்துதா. சீனி இல்லாத காப்பிக்கு இந்த ஆத்தல் எதுக்குன்னு கேட்டா, ஆறட்டும், நாக்கு பொத்துப்போச்சுன்னா அதுக்கு வேற ஒரு டாக்டரா பாக்க முடியும்ங்கா. ஆறட்டும்ங்கா. நாலஞ்சு வாரமா இந்த ஒரு வார்த்தைதான் காதுல விழுந்துக்கிட்டே இருக்கு. புண்ணு ஆறும், பைய ஆறும், சுகர் இருந்தா ஆற நாளாகும். காப்பி ஆறுததும் புண்ணு ஆறுததும் நமக்கு ஒரே வார்த்தைதான் பாத்துக்கோங்க. ஆனா காப்பி தன்னால ஆறிரும், சும்மா வச்சாப் போதும், அதுக்கு ஒரு மெனக்கேடும் இல்ல. புண்ணு அப்படியா? அது ஆறணும்னா உள்ளுக்குள்ள எவனோ வேலை பாக்கணும்லா. எவன் பாக்கான், எப்ப பாக்கான், யாரு அவனுக்குக் கூலி குடுக்கா. காப்பியக் குடிங்க, சும்மா காலையே முறைச்சுக்கிட்டு இருக்காதியன்னு மூடியக் கையில வைக்கா வடிவு. குடிக்கேன். கசக்கு. கசந்தாலும் சூடு தெரியுது நாக்குக்கு. காலுக்குத்தான் தெரியல. அதுலதான இந்தக் கூத்தே வந்துச்சு. திருச்செந்தூருக்குப் பச்சை வேட்டி கட்டி நடந்து போன கூட்டத்தோட இந்த வருசம் நானும் போனேன், செருப்பு இல்லாம. மத்தியானம் தார் ரோடு உருகி மினுங்குது, எளவட்டப் பயலுவ எல்லாம் ஓரத்து மண்ணுல துள்ளித் துள்ளி ஓடுதானுவ, நான் நடு ரோட்டுல நெஞ்ச நிமித்திக்கிட்டு நடக்கேன். சூடே தெரியல. முருகன் எனக்கு மட்டும் ரோட்டைக் குளுர வச்சிருக்கான்னு நெனச்சேன். நெனச்சதோட நின்னேனா, வழி பூரா அதச் சொல்லிப் பெருமையடிச்சேன். கூட வந்தவங்களும் அண்ணாச்சிக்கு என்ன பக்தி, என்ன பக்தின்னு வாயப் பொளந்தாவ. வீட்டுக்கு வந்து ரெண்டு நாள் கழிச்சு வடிவு பாயில ஈரத்தைப் பாத்துட்டு, என்னங்க இதுன்னு காலைப் புரட்டிப் பாத்தா, பெருவிரல் அடியில தோலு வெந்து கழண்டு கெடக்கு. சூடு தெரியாததுதான் பெரியவரே உங்க வியாதி, சுகர் நரம்பைத் தின்னுட்டுன்னு டாக்டரம்மா சொன்னப்ப எனக்கு வந்த வெக்கம் இருக்கே. வியாதியத் தூக்கிக்கிட்டுப் போயி சாமிகிட்ட வரம்னு காட்டியிருக்கேன். வேற எவனாவது இப்படி ஒரு தப்புப் பண்ணுவானா.

சரி, அது போகட்டும். விரல் போனாலும் போகட்டும்னு கூட ஒரு மாரி மனசத் தேத்தி வச்சிருந்தேன். போன தடவை கட்டுப் பிரிக்க வந்தப்பதான் அந்தச் சொல்லு காதுல விழுந்துச்சு. நான் மேசையில மல்லாக்கப் படுத்திருக்கேன், கண்ண இறுக்கி மூடியிருக்கேன், இத்தனை நாள்ல அந்தப் புண்ண ஒரு தடவை கூடப் பாத்ததில்ல நான், பாக்க தைரியம் இல்ல. சிஸ்டர் ஞானசெல்வி டாக்டரம்மாகிட்ட போன்ல பேசுதா: ஆமா மேடம், பிரமநாயகம் பேசன்ட்தான், சதை வளர்ந்திருக்கு மேடம். அவ்வளவுதான். சதை வளர்ந்திருக்குன்னா என்னன்னு எனக்குத் தெரியாதா? எங்க பெரியக்கா உலகம்மாவுக்கு வயித்துவலின்னு ஸ்கேன் எடுத்தப்ப இதே சொல்லத்தான் சொன்னாவ, சதை வளர்ந்திருக்கும்மா, பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கன்னு. அடுத்த ஆடிக்கு அவ இல்ல. அன்னிலருந்து எங்க குடும்பத்துல எவனும் அந்தச் சொல்லச் சொல்லமாட்டான், அது இதும்பான், கட்டிம்பான், இழுத்துக்கிட்டு நிப்பான். அது இப்ப என் காலுல வந்து உக்காந்திருக்கு. வடிவுகிட்ட நான் மூச்சு விடல. அவளுக்குத் தெரியவேண்டாம்னு நெனச்சா, அவளுக்கு எனக்கு முன்னாலயே தெரிஞ்சிருக்கு. அன்னிக்கு சாயங்காலம் சங்கரிகிட்ட போன்ல பேசுதா, அடுக்களைக் கதவு சாத்தியிருக்கு, அப்பாவுக்கு சதை வளர்ந்திருக்காம்ட்டின்னு சொல்லிச் சிரிக்கா. சிரிக்கா. எனக்கு அழுகை முட்டிக்கிட்டு வந்துச்சு. பாவி மக, பிள்ளை பயந்துரக்கூடாதுன்னு எப்படிச் சிரிச்சுச் சமாளிக்கா பாருன்னு இருந்துச்சு. அடுத்த நாளு ஒண்ணு செஞ்சா, அதுலதான் எனக்கு முடிவே தெரிஞ்சுபோச்சு. முட்டை அவிச்சா. எங்க வீட்டுல, சைவப் பிள்ளைமாரு வீட்டுல, கல்யாணமாகி வந்த நாள்லருந்து முட்டைத் தோடு கூட வாசல் தாண்டி வந்ததில்ல. எதிர்வீட்டுக்காரி முட்டை போட்ட கேக்குன்னு சொன்னா கையால தொடமாட்டா. அப்படிப்பட்டவ புறவாசல்ல மூணு செங்கலக் கூட்டி, பழைய ஈயச்சட்டியில முட்டையப் போட்டு அவிச்சு, முந்தானையால மூக்கப் பொத்திக்கிட்டு உரிச்சு, மஞ்சளை எடுத்துட்டு வெள்ளைய மட்டும் எலையில வச்சு நீட்டுதா. டாக்டரம்மா சொல்லிச்சு, தின்னுங்கங்கா. சாகப் போறவன்கிட்ட என்ன ஆசை உனக்குன்னு கேக்கணும்லா, கேக்காமலே செஞ்சுட்டான்னு நெனச்சேன். தின்னேன். வாயிக்குள்ள வழுக்குச்சு. ஒரு ருசியும் இல்ல, இதுக்காடே ஊரே அடிச்சுக்கிடுதுன்னு தோணுச்சு.

உள்ள இருந்து யாரோ ஒரு அம்மா தாங்கித் தாங்கி வாரா, அவ காலுலயும் இதே பொட்டலம். அடுத்து நாமளான்னு எட்டிப் பாத்தா, இல்லை, வேற ஆளக் கூப்பிடுதாவ. சொடலைமுத்து நெனப்பு வருது. வேண்டாம்னு தள்ளுதேன், வருது. எங்கூட வண்டி ஓட்டுன டிரைவர் சொடலைமுத்து, ஆக்சிலேட்டர் மிதிச்ச காலு, முதல்ல சுண்டுவிரல எடுத்தாவ. ஒண்ணுதான அண்ணாச்சின்னான். பெறகு முன்பாதம். பெறகு முழங்காலுக்குக் கீழ. இப்ப கட்டில்ல உக்காந்து டிவி பாக்கான், பாக்கான்னு சொல்லுததுக்கில்ல, அது ஓடுது, இவன் உக்காந்திருக்கான். போன பொங்கலுக்குப் போயிருந்தேன், எந்திரிச்சு வாசலுக்கு வந்து வழியனுப்ப முடியலையேன்னு அவன் தலையக் குனிஞ்சது எனக்கு இப்பவும் தாங்கல. பெருவிரல் போனா அதோட நிக்குமா? அதுக்கு யாரு விசில் குடுத்து நிறுத்த? அந்தப் பயந்தான். வேற ஒண்ணும் இல்ல. சாவுக்குப் பயமில்லைன்னு சொல்லமாட்டேன், பயந்தான், ஆனா அதவிட இந்தத் துண்டு துண்டாப் போறதுதான். அதே சொடலைமுத்து ஒரு தடவை சேரன்மாதேவி தாண்டி ஆட்டுக்குட்டி குறுக்க வந்துச்சுன்னு பிரேக்கை மிதிச்சதுல நான் பறந்து போயி சீட்டுக் கம்பியில விழுந்து விலா எலும்பு ஒடைஞ்சுது. கட்டுப் போடுங்கன்னு டாக்டர்கிட்ட நெஞ்சக் காட்டுதேன், இதுக்குக் கட்டெல்லாம் கிடையாதுய்யா, மூச்சு விட்டுக்கிட்டே இருங்க, அது ஒட்டிக்கிடும்னாரு. எனக்குப் பித்துப் பிடிச்ச மாரி ஆயிட்டு. மூச்சு விட விட நெஞ்சு விரியுதுல்லா, சுருங்குதுல்லா, அசைஞ்சுக்கிட்டே இருக்க எலும்பு எப்படிய்யா ஒட்டும்? பஸ்ஸுக்கு அடியில ஒரு ஸ்பிரிங் பட்டை ஒடைஞ்சாக்கூட டிப்போவுக்குக் கொண்டுவந்து, எஞ்சினை நிறுத்தி, குழிக்குள்ள எறங்கி மல்லாக்கப் படுத்துல்லா பாக்கணும். இங்க வண்டி ஓடிக்கிட்டே இருக்கு, சனம் ஏறுது எறங்குது, ரிப்பேரும் நடக்கு. நடந்துச்சு. ஒட்டிக்கிடுச்சு. இப்பவும் சட்டைக்குள்ள கைய விட்டுத் தடவுனா அந்த எடத்துல கொஞ்சம் தடிப்பா இருக்கும், ஒரு கை சிமெண்டு கூடப் பூசிவிட்ட மாரி. எவனோ பயந்த ஆளு, ஒருவேளை திரும்ப ஒடைஞ்சுருமோன்னு கூடக் கொஞ்சம் வச்சிருக்கான். அவன் நல்லா இருக்கட்டும்.

அதையும் விடுங்க, கைப்பெருவிரல். டிக்கெட்டுக் கிழிச்சுக் கிழிச்சு, சில்லறையத் தள்ளித் தள்ளி, ரேகை அழிஞ்சு கண்ணாடி மாரி ஆயிரும். சம்பளக் கடனுக்கு பேங்குக்குப் போயி கையெழுத்தோட ரேகையும் வச்சா வெறும் மைப்பொட்டுதான் விழும், கேசியர் என்னைய ஒரு மாரியாப் பாப்பான். ரெண்டு வாரம் லீவு போட்டு வீட்டுல கெடந்தா ரேகை வந்துரும். வாரது பெருசில்ல. அதே ரேகை வருதே. ஒரு கோடு மாறல, ஒரு சுழி மாறல. தேஞ்சு போன தோலு எங்கயோ காத்துல போயிட்டு, கீழ இருந்து ஏறி வார புதுத் தோலுக்கு இந்த எடத்துல இந்தச் சுழின்னு யாரு சொல்லிக் குடுத்தா? பள்ளிக்கூடத்துல எழுதிப்போட்டதப் பாத்து எழுதுனாலே ஆயிரம் தப்பு விடுத சாதி நாம. வடிவுக்கு முன்னங்கை பூரா எண்ணெய் தெறிச்ச பொட்டு இருக்கும், அடுத்த மாசம் பாத்தா ஒண்ணும் இருக்காது, அதுக்குள்ள வேற எடத்துல புதுப் பொட்டு வந்திருக்கும். சங்கரியப் பெறுததுக்கு வயித்தையே கிழிச்சுத் தச்சாவ, பத்தாம் நாளு தண்ணிக்குடத்த எடுக்கப் போயிட்டா, நான் போட்ட சத்தத்துல எதிர்வீட்டுக்காரன் எந்திரிச்சு வந்தான். ஆனா அவ முழங்காலு மட்டும் பழையபடி திரும்பி வரல. தேஞ்சது தேஞ்சதுதான்னு சொல்லிட்டாவ, அந்த எடத்துல மட்டும் ஆளு வாரதில்லையாம். பல்லும் அப்படித்தான், ஒருக்கா குடுக்கான், பால்பல்லுன்னு அதையும் பிடுங்கிட்டு இன்னொருக்கா குடுக்கான், அதுக்குப் பெறகு கடையச் சாத்திட்டான். எல்லா எடத்துக்கும் ஆளு போடமுடியல போல. நான் ஏன் கோவிக்கணும்? எத்தனை எடத்துக்குத்தான் ஒருத்தன் பாப்பான்.

பிரமநாயகம் யாரு, வாங்கன்னு சிஸ்டர் தலைய நீட்டுதா. எந்திரிக்கேன். வடிவு தோளப் பிடிச்சுக்கிட்டு, பைய, பையன்னு அவ சொல்ல, மேசையில ஏறிப் படுத்தாச்சு. விட்டத்துல காத்தாடி சுத்துது. சிஸ்டர் கட்ட வெட்டுதா, கத்திரிக்கோல் குளுகுளுன்னு கெண்டைக்கால்ல படுது, கணுக்கால்ல படுது, அதுக்குக் கீழ ஒண்ணும் இல்ல. கீழ அவ என்ன செஞ்சாலும் அது அடுத்த வீட்டுல நடக்குத சங்கதி. ஒட்டிக்கிட்டு இருக்கு, உப்புத்தண்ணி ஊத்துதேன், கொஞ்சம் பொறுங்கங்கா. ஊறட்டும். மொத நாளு இதே மேசையில படுத்திருக்கையில அந்த டாக்டர் பிள்ளை வாய் ஓயாமப் பேசிச்சு, பயத்துல நான் நடுங்குததப் பாத்துட்டுப் பேச்சுக் குடுத்திச்சு போல. இரைப்பைக்குள்ள இருக்க தோலு அஞ்சாறு நாளுக்கு ஒருக்கா புதுசாயிருமாம், இல்லைன்னா நம்ம வயித்து ஆசிட்டே நம்மளைத் தின்னுருமாம். எலும்பு சும்மா கல்லு மாரிக் கெடக்குன்னு நாம நெனச்சுக்கிட்டு இருக்கோம், அங்க ஒரு கூட்டம் சுரண்டிக்கிட்டே இருக்காம், பின்னாலயே ஒரு கூட்டம் கட்டிக்கிட்டே வருதாம். அப்ப எல்லாம் புதுசு புதுசா வந்துக்கிட்டே இருக்குன்னா எனக்கு எதுக்கும்மா வயசாகுதுன்னு கேட்டேன். நல்லாக் கேட்டேன்ல? கட்டுத ஆளு கொறைஞ்சிருவாங்க பெரியவரே, சேதி போய்ச் சேரவும் நேரமாகும், உங்களுக்கு சுகர் வேற இருக்கு, ஆனா வேலை நிக்காது, கடைசி நாளு வரைக்கும் நிக்காதுன்னு சொல்லிச்சு. அதக் கேட்டு அன்னிக்கு எனக்குச் சந்தோசமா இருந்துச்சு. கொறைஞ்ச ஆளை வச்சுக்கிட்டு வண்டிய ஓட்டிக்கிட்டு இருக்காவ உள்ள. அறுபத்தெட்டு வயசுக்காரன் காலுக்கு ராவும் பகலும் வேலைக்கு வாராவ. ஆனா இப்ப அந்த ஆளுவ எல்லாம் வழி தவறிப் போயித்தான வேற சதைய வளர்த்து வச்சிருக்காவ. உலகம்மா அக்காவுக்கும் அப்படித்தான ஆச்சு. வேலைக்கு வந்தவன் நிறுத்தத் தெரியாம கட்டிக்கிட்டே போயிட்டான்.

டாக்டரம்மா கையுறையப் போட்டுக்கிட்டே வருது. என்ன பெரியவரே, முட்டை சாப்பிட்டீங்களான்னு கேக்குது. சாப்புட்டாரு டாக்டரம்மா, மூஞ்சிய அஷ்டகோணலா வச்சுக்கிட்டு சாப்புட்டாருங்கா வடிவு. குனிஞ்சு பாக்குது. சிஸ்டர் சொல்லுதா, பாத்தீங்களா மேடம், அன்னிக்கு விட இன்னும் நல்லா சதை வளர்ந்திருக்கு. நல்லாங்கா. நல்லா வளர்ந்திருக்காம். அதுக்கு மேல எனக்குப் பொறுக்கல. எந்திரிச்சு உக்காந்துட்டேன். எம்மா, எனக்கு எல்லாம் தெரியும்மா, மறைக்காதிய, எங்க அக்காவுக்கும் சதைதான் வளர்ந்துச்சு, அவ எப்படிப் போனான்னு நான் பாத்திருக்கேன், விரல எடுத்தாத் தீருமா, காலையே எடுக்கணுமா, எத்தனை நாளுன்னு சொல்லிருங்க, இவகிட்டச் சொல்லிச் சிரிக்கச் சொல்லாதியன்னு கத்திட்டேன். டாக்டரம்மாவுக்குத்தான் மொதல்ல வெளங்குச்சு. சிரிக்கல அந்தப் பிள்ளை. மேசை ஓரத்துல வந்து உக்காந்து என் கையப் பிடிச்சுக்கிட்டு, பெரியவரே, உங்க அக்காவுக்கு வந்தது கட்டி. அதுக்கும் நாங்க சதைன்னுதான் சொல்லுதோம், தப்பு எங்க மேல, வேற நல்ல வார்த்தை எங்ககிட்ட இல்ல. இது அது இல்ல. குழி விழுந்த எடத்துல உங்க ஒடம்பு அடியில இருந்து புதுசாப் போட்டுக்கிட்டு வார சதை. இது வளரலைன்னாத்தான் நான் விரல எடுக்கணும். இது வளரணும்னுதான் நாங்க எல்லாரும் காத்துக்கிட்டு இருந்தோம்ங்குது. நான் வடிவைப் பாக்கேன். அவ தலையில அடிச்சுக்கிட்டா. இதையா மூணு நாளா வயித்துக்குள்ள வச்சுக்கிட்டு ராத்திரி பூரா புரண்டிய, சிஸ்டர் எங்கிட்ட அன்னிக்கே சொல்லிட்டாவளே, நல்ல சேதின்னுல்லா சங்கரிக்குச் சொன்னேன், புதுச் சதை நிக்கணும்னுல்லா ஆயுசுல தொடாத கருமத்தத் தொட்டு அவிச்சேன்ங்கா. சொல்லச் சொல்லக் கண்ணு நெறஞ்சுட்டு அவளுக்கு. நான் அவ சிரிப்ப அழுகைன்னு நெனச்சேன், முட்டைய வாய்க்கரிசின்னு நெனச்சேன். எனக்குச் சிரிப்பு வந்துச்சு, அழுகையும் வந்துச்சு, எது மொதல்ல வெளிய வந்துச்சுன்னு தெரியல.

ஓரத்துல கொஞ்சம் செத்த தோலு இருக்கு, சுரண்டி எடுத்துருதேன், அப்பதான் முடிவாச் சொல்லமுடியும்னு டாக்டரம்மா திரும்பக் குனியுது. படுத்துக்கிட்டேன். இந்தத் தடவை கண்ண மூடல. சர் சர்ருன்னு சத்தம் மட்டும் கேக்குது, வலி இல்ல. அந்த நரம்பு வராதாம், அத நான் முன்னாலயே கேட்டுட்டேன், அங்கயும் ஆளு கிடையாதாம். சரி. திடீர்னு சிஸ்டர், ரத்தம் வருது மேடம்ங்கா, வடிவு ஐயோங்கா, டாக்டரம்மா மட்டும் முகமெல்லாம் மலர்ந்து, வரட்டும் வரட்டும், ரத்தம் வந்தா உசுரு இருக்குன்னு அர்த்தம்ங்குது. நான் பாக்கணும்னேன். என்னது? நான் பாக்கணும்மா, இத்தனை நாளு பாக்கல, இப்ப காட்டுங்கன்னேன். சிஸ்டர் போன்ல படம் எடுத்து என் மூஞ்சிக்கு நேரா பிடிக்கா. மொதல்ல பழைய படம், வந்த அன்னிக்கு எடுத்தது. கருப்பா ஒரு பள்ளம், அடுப்புல தவறி விழுந்த கிழங்கு மாரி. விரலால தள்ளுதா, அடுத்தது இன்னிக்கு. செக்கச் செவேல்னு, மாதுளம்பழத்த ஒடைச்சு வச்ச மாரி முத்து முத்தா, பொடிப் பொடியா, ஈரமா, பள்ளம் பாதிக்கு மேல நெறஞ்சு கெடக்கு. ஓரத்துல வட்டமா ஒரு மெல்லிசு வெளிறுன கோடு, அதுதான் தோலு உள்ள நகர்ந்து வருதாம், நாலு பக்கமும் கரையில இருந்து நடுவ பாத்து நடந்து வருதாம். பாத்துக்கிட்டே இருக்கேன். நான் உலகம்மா அக்காவ நெனச்சு நெனச்சு செத்துக்கிட்டு இருந்த மூணு ராத்திரியும் இது இங்க நடந்திருக்கு. நான் பயந்தா அதுக்கென்ன, நான் அழுதா அதுக்கென்ன, எங்கிட்ட ஒரு வார்த்தை கேக்கல, நான் ஒரு விசில் ஊதல. சர்க்கரைத் தண்ணியா ஓடுத ரத்தத்துக்குள்ள, செத்துப்போன நரம்புக்குப் பக்கத்துல, வெளிச்சம் இல்லாம, கட்டுக்குள்ள, இந்தச் செகப்ப ஒண்ணு ஒண்ணாக் கோத்து வச்சிருக்காவ. முட்டை வெள்ளைய வாங்கி வச்சுக்கிட்டு மாதுள முத்து பண்ணியிருக்காவ. எம்மா, இது நானாம்மான்னு கேட்டேன். நீங்கதான் பெரியவரேன்னிச்சு. எனக்கு நம்பிக்கை வரல. நான் இவ்வளவு கெட்டிக்காரன் கிடையாது.

விரல எடுக்க வேண்டாம், ஆனா நகம் இருக்க நுனி கொஞ்சம் கருத்திருக்கு, அது தானாச் சுருங்கி விழுந்துரும், அதுக்குப் பயப்படக்கூடாது, இன்னும் நாளாகும், இனிமே செருப்பில்லாம வீட்டுக்குள்ள கூட நடக்கப்படாதுன்னு சொல்லிட்டு டாக்டரம்மா அடுத்த ஆளப் பாக்கப் போயிட்டு. சிஸ்டர் புதுக் கட்டுப் போட்டு ஒட்டிவிட்டா. எறங்கி உக்காந்தேன். ரப்பர் செருப்ப மாட்டிவிடணும்னு வடிவு தரையில எறங்குதா, அந்த முழங்காலோட, ஒரு கையச் சுவத்துல ஊனி, ஒரு கைய மேசையில பிடிச்சு, முருகா முருகான்னு மடங்கி உக்காருததுக்குள்ள எனக்கே வலிக்கு. செருப்ப மாட்டுனா. பட்டைய ஒட்டுனா. பெறகு எந்திரிக்கல. கட்டு மேல ரெண்டு கையையும் வச்சா, வச்சு, கண்ணுல ஒத்திக்கிட்டா. எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. கலியாணத்தன்னைக்கு அம்மிக்கல்லுல வைக்க அவ காலத்தான் நான் குனிஞ்சு பிடிச்சேன், அவ என் காலத் தொட்டதே கிடையாது, பெரியவங்க எல்லாரும் விழுந்து கும்புடுட்டின்னு சொன்னப்ப கூட நேரா நிமிர்ந்து நின்ன பொம்பளை. ஏட்டி, என்னட்டி இது, சிஸ்டர் பாத்துக்கிட்டு இருக்கா, என் காலைப் போயி கும்பிடுதன்னேன். அவ தலையத் தூக்கி என்னைய மேலயும் கீழயும் பாத்தா. உங்களை எதுக்கு நான் கும்பிடணும், நீங்க என்ன செஞ்சிய, படுத்துக்கிட்டுப் பொலம்பத்தான செஞ்சிய, வேலை பாத்தது இதுல்லா, கையக் குடுங்க, எந்திரிக்கணும்னா.